மெர்தர் டிட்வில்: ஒரு வேல்ஷ் இரும்பு ஊரின் வரலாற்றைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் பக்கம் இருக்கும் நண்பர்கள் சனி ஞாயிறு எங்கே போகலாம் என்று கேட்கும்போதெல்லாம் மெர்தரைச் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப் பைத்தியம் என்று பெயர் வாங்கியாயிற்று. போய்விட்டு வந்தவர்கள் கேட்பதும், போகாமலே கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

மெர்தரா? கேள்விப்பட்டதே இல்லையே, எங்க இருக்கு?

கார்டிஃபுக்கு வடக்கே சுமார் 23 மைல். டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே ரயில் போகும், ஒரு மணி நேரப் பயணம். இன்றைக்குப் பார்த்தால் மலைகளுக்கு நடுவே இருக்கும் சாதாரண ஊர், கடைத்தெருவில் பாதிக் கடைகள் சுமார்தான். ஆனால் 1801ல் பிரிட்டன் முதல் மக்கள்தொகைக் கணக்கை எடுத்தபோது வேல்ஸிலேயே பெரிய ஊர் இதுதான்: 7,705 பேர். அப்போது கார்டிஃபில் இருந்தவர்கள் 1,870 பேர். 1851ல் மெர்தரின் எண்ணிக்கை 46,378 ஆகிவிட்டது. ஐம்பது வருடத்தில் ஆறு மடங்கு, அதுவும் சாக்கடை, குடிநீர் என்று எதையும் யோசிக்காமல். இந்த ஊரின் பாதிக் கதை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

பேரையெல்லாம் எப்படிப் படிக்கிறது? பலகையைப் பார்த்தாலே பயமா இருக்கு.

வேல்ஷில் ஒற்றை எஃப் வந்தால் 'வ' ஒலி, இரட்டை எஃப் வந்தால்தான் நம் 'ஃப'. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். அதனால்தான் டிட்வில், கவார்த்வா, அபர்வான், கெவ்ன் கோய்ட். தப்பாகச் சொன்னாலும் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், திருத்திவிட்டு உட்கார வைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள், அது நமக்கு லாபம்தான்.

இப்படி ஒரு மலை இடுக்குல அவ்வளவு பெரிய தொழில் எதுக்கு வந்துச்சு?

இரும்பு உருக்க வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் படுகையின் வடக்கு ஓரத்தில் நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல் மூன்றும் மேல்மட்டத்திலேயே வெளியே தெரியும். ஊதுலைக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்ற ஆற்றுத் தண்ணீரும் உண்டு. டவ்லைஸ் 1759, ப்ளைமவுத் 1763, கவார்த்வா 1765, பெனிடாரன் 1784 என்று கால் நூற்றாண்டில் நான்கு ஆலைகள் வந்தன. ஆண்டனி பேக்கன் என்ற லண்டன் வியாபாரி கவார்த்வா நிலத்தை வருடத்துக்கு 100 பவுண்டு வாடகையில் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். நிலத்தைக் கொடுத்தவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் போனதுதான் பேக்கனின் அதிர்ஷ்டம்.

பிறகு கவார்த்வா க்ராஷே குடும்பத்துக்கும், டவ்லைஸ் கெஸ்ட் குடும்பத்துக்கும் போனது. 1845 வாக்கில் டவ்லைஸில் மட்டும் 18 ஊதுலைகள், 7,300 பேருக்கு வேலை, வருடத்துக்கு 88,400 டன் இரும்பு. உலகம் முழுக்கத் தண்டவாளம் போட்ட காலம் அது.

உலகத்தோட முதல் ரயில் எஞ்சின் இங்கதான் ஓடுச்சாமே? ஸ்டீபன்சன்தான்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்.

தண்டவாளத்தின் மேல் சுமை இழுத்து ஓடிய முதல் நீராவி எஞ்சின் என்றால், ஆமாம், இங்கேதான். 1804 பிப்ரவரி 21ல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் செய்த எஞ்சின், பெனிடாரனிலிருந்து ஒன்பது மைல் தள்ளி ஆபர்கனன் வரை பத்து டன் இரும்பையும் சுமார் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனது. எடுத்துக்கொண்ட நேரம் நான்கு மணி ஐந்து நிமிடம். நடந்தே போயிருக்கலாமே என்று ஒரு நண்பர் சிரித்தார். வழியில் மரத்தை வெட்டி, பாறையை நகர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது, நேரத்தைத் தின்றது அதுதான். பெனிடாரன் முதலாளி சாமுவேல் ஹாம்ஃப்ரேக்கும் கவார்த்வா ரிச்சர்ட் க்ராஷேக்கும் நடுவே இதற்காக 500 கினி (அந்தக் காலப் பொற்காசு) பந்தயம் நடந்தது.

எஞ்சின் ஜெயித்தது, பாதை தோற்றது. வார்ப்பிரும்புத் தகடுகள் அந்த எடையைத் தாங்காமல் உடைந்தன, மறுபடி குதிரைகளே வந்தன. ஸ்டீபன்சன் பெயர் நிலைத்தது இதற்கு இருபது வருடம் கழித்து, தாங்கக்கூடிய பாதையில், பொதுமக்களுக்கான ரயிலாக ஓட்டிக் காட்டியதால்தான். அந்த டிராம் பாதையே ஒரு சண்டையில் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1794ல் திறந்த கிளாமோர்கன் கால்வாயில் க்ராஷேயின் கை ஓங்கியிருந்தது, தங்கள் சரக்கு காத்துக் கிடக்கிறது என்று கடுப்பான மற்ற மூன்று ஆலைக்காரர்களும் சேர்ந்து சொந்தமாகப் போட்டுக்கொண்ட பாதை அது.

அந்தப் பாதையை இப்பவும் பார்க்க முடியுமா?

முடியும், என்னைக் கேட்டால் மெர்தரில் பார்க்க வேண்டிய முதல் விஷயமே அதுதான். மெர்தரிலிருந்து ஆபர்கனன் வரை நடைபாதையாக இருக்கிறது. குவேக்கர்ஸ் யார்ட் பக்கம் போனால் புல்லுக்கு நடுவே இரண்டு வரிசையாகச் சதுரக் கற்கள் தெரியும். குனிந்து பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு துளை இருக்கும். அதில் மரக்கட்டையை அடித்து இறக்கி, அதன் மேல் ஆணியால் இரும்புத் தகட்டைப் பிடித்து வைத்தார்கள். தகடு உட்கார்ந்த தடம் சில கற்களில் இன்னும் பள்ளமாகத் தெரியும். இப்போதைய ரயில் பாதை மாதிரி குறுக்குக் கட்டைகள் கிடையாது, ஏனென்றால் நடுவில் குதிரை நடக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போனால் துளைகளில் தண்ணீர் நின்று, கற்கள் தனியாக எடுத்துக் காட்டும்.

1831 கலவரம்னு சொல்றாங்களே, அது என்ன?

அந்த வருடம் இரும்பு விலை விழுந்து கிடந்தது, கவார்த்வாவில் வில்லியம் க்ராஷே கூலியைக் குறைத்தார். மக்கள் கடனில் இருந்தார்கள். சின்னக் கடன்களை வசூலிக்க ஒரு நீதிமன்றம் இருந்தது, கடன் வாங்கியவர் வீட்டுக் கட்டில், கடிகாரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஜூன் தொடக்கத்தில் கூட்டம் வீடு வீடாகப் போய், பறிமுதலான பொருட்களை மீட்டு உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அந்த நீதிமன்றத்தை நடத்திய ஜோசஃப் காஃபின் வீட்டுக்குள் புகுந்து கணக்குப் புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. இதைக் கண்மூடித்தனமான வன்முறை என்று எழுதுபவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எந்த வீடு, யார் பொருள் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள்.

ஜூன் 3ம் தேதி காஸில் விடுதி முன்னால் ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் சுட்டார்கள். அடுத்த சில நாட்கள் ஊர் அரசின் கையில் இல்லை. தொழிலாளர் போராட்டத்தின் அடையாளமாகச் சிவப்புக் கொடி தூக்கப்பட்டது பிரிட்டனில் இங்கேதான் முதலில் என்று சொல்வது வழக்கம். கன்றுக்குட்டியின் ரத்தத்தில் நனைத்த துணி என்பார்கள்.

பிறகு வழக்கு. லூயிஸ் லூயிஸ் என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். டிக் பெண்டெரின் என்று ஊர் அழைத்த ரிச்சர்ட் லூயிஸ், 23 வயது, டொனால்ட் பிளாக் என்ற படைவீரனைக் காலில் குத்தினார் என்று தூக்குத் தண்டனை. காயம்பட்ட வீரனே இவர்தான் குத்தினார் என்று அடையாளம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்திட்டும் உள்துறை அமைச்சர் மெல்பர்ன் அசையவில்லை. 1831 ஆகஸ்ட் 13ல் கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். அந்த இடம் இப்போது கார்டிஃப் மார்க்கெட், செயின்ட் மேரி தெரு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. மீன் வாங்கப் போகும்போது பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்.

எத்தனை பேர் செத்தாங்க? ஒரு இடத்துல 16ன்னு இருக்கு, இன்னொரு இடத்துல இருபதுக்கு மேலன்னு இருக்கு.

இரண்டுமே புழக்கத்தில் உள்ள எண்கள். அதிகாரிகள் எண்ணியது தெருவில் கிடந்த உடல்களை. குண்டடி பட்டவர்களைக் குடும்பத்தார் தூக்கிப் போய், சொன்னால் கைதாவோம் என்று பயந்து ரகசியமாகப் புதைத்திருப்பார்கள் என்பதால் உண்மை எண் அதற்கு மேலேதான் இருக்கும். இந்த மாதிரி இடத்தில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல், எண்ணியவர் யார், எங்கே நின்று எண்ணினார் என்று கேளுங்கள். ஊர் வரலாற்றில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

சைனான்னு ஒரு ஏரியா இருந்துச்சாமே, சீனர்கள் இருந்தாங்களா?

இல்லை. கவார்த்வா ஆலைக்குக் கீழே ஆற்றோரம் இருந்த சேரிக்கு வைத்த பட்டப்பெயர் அது. திருட்டு, விபச்சாரம் என்று பெயர் கெட்ட இடம், அங்கிருந்த தாதாவைச் 'சக்கரவர்த்தி' என்றே கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பகுதி நல்ல தீனி, அதனால் அதைப் பற்றி நிறைய எழுத்து கிடைக்கும். பக்கத்துத் தெருக்களில் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம்.

அப்ப சாதாரண ஜனங்க எப்படி வாழ்ந்தாங்க?

முதலில் சொன்ன மக்கள்தொகை எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஊற்று, சில பொதுக் குழாய்கள், ஆறு. கழிவு போவதும் அதே ஆற்றுக்கு. 1849 காலராவில் மெர்தரில் 1,400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருடம் ராம்மெல் என்ற அரசு ஆய்வாளரின் அறிக்கை வந்தது, தெருத் தெருவாக எங்கே சாக்கடை இல்லை, எங்கே எத்தனை வீட்டுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லை என்று எழுதியிருக்கிறார். சோறு தின்றுவிட்டுப் படிக்காதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி அறிய 1842ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விசாரணை அறிக்கை. ப்ளைமவுத் சுரங்கத்தில் காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலை பார்த்த ஆறு வயதுச் சிறுமியின் வாக்குமூலம் அதில் உண்டு. காலை ஆறு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறாள், விளக்கு அணைந்தாலோ பசித்தாலோ வீட்டுக்கு ஓடிவிடுவேன் என்கிறாள். அதே வருடம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் மெர்தரில் தேடாதீர்கள், கார்டிஃபை ஒட்டிய செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மெர்தரின் ரிட்கார் பகுதியிலிருந்து ஆறு தொழிலாளர் வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து அங்கே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறு வேறு காலம்: 1805, 1855, 1895, 1925, 1955, 1985. முதல் வீட்டில் அடுப்பைச் சுற்றித்தான் எல்லாம், கடைசி வீட்டில் டிவியைச் சுற்றி. சுவர் மட்டும் அதே சுவர்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுல முன்னாடி யார் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பழைய வரிசை வீடு என்றால் நிச்சயம் முடியும். 1841லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ் தாள்களில் வீடு வாரியாகப் பெயர்கள் இருக்கும். நூறு வருடம் பூட்டி வைப்பார்கள், 1921ம் வருடத்தது 2022ல் வெளியானது. 1931 தாள்கள் தீயில் போய்விட்டன, 1941ல் போர் என்பதால் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளியை 1939ல் எடுத்த பதிவேடு ஓரளவு நிரப்பும். வீட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், எண்கள் மாறியிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய சர்வே வரைபடங்கள் வேல்ஸுக்கும் சேர்த்து இலவசமாக உண்டு, இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். தெரு முனையில் இருக்கும் சாராயக் கடையையோ சாப்பலையோ (ஆங்கிலிக்கன் சபையில் சேராத கிறிஸ்தவர்களின் கோயில்) அடையாளமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து வீடுகளை எண்ணுங்கள்.

தொழில் கட்டத்தில் ஒரு சிக்கல். மெர்தர் தாள்களில் 'மைனர்' என்று இருந்தால் பெரும்பாலும் இரும்புத் தாது வெட்டியவர், நிலக்கரி வெட்டியவரைக் 'கோலியர்' என்று எழுதுவார்கள். பிறந்த ஊர் கட்டத்தையும் விடாதீர்கள். கார்மார்தன், கார்டிகன், பெம்ப்ரோக் என்று மேற்கு வேல்ஸ் கிராமங்களும், 1840களுக்குப் பிறகு அயர்லாந்தும் வரிசையாக வரும். 1900 வாக்கில் டவ்லைஸில் ஸ்பெயின்காரர்களும் உண்டு, பில்பாவோ பக்கத் தாதுதான் அப்போது டவ்லைஸ் உலைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் ஜான் ஜோன்ஸாவே இருக்காங்க. எது நம்ம ஆளுன்னு எப்படித் தெரியும்?

தகப்பன் பெயரையே பின்னால் போட்டுக்கொண்டிருந்த மக்கள், அதைக் குடும்பப் பெயராக உறைய வைத்ததன் விளைவு இது. ஒரே தெருவில் நான்கு டேவிட் டேவிஸ் இருப்பார்கள். நம் ஊரில் நாலு முருகேசன் இருந்தால் 'மளிகைக்கடை முருகேசன்' என்போமே, அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்: தொழில், பண்ணை, பிறந்த ஊர் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். டிக் பெண்டெரினின் பெயரில் இருப்பதும் ஒரு கிராமம்தான். ஆனால் அரசாங்கத் தாளில் இந்தப் பட்டப்பெயர் வராது, கல்லறைக் கல்லிலும் பத்திரிகைச் செய்தியிலும்தான் வரும். ஆளைத் தனியாகத் தேடாதீர்கள், மனைவி பெயர், மூத்த பிள்ளை பெயர், பிறந்த ஊர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைக்கவில்லை என்று கைவிடவும் வேண்டாம். இந்த ஊரில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகவில்லை, சாப்பலுக்குப் போனார்கள். 1837 ஜூலைக்குப் பிறகு என்றால் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது.

வேல்ஷ் தெரியாம இதெல்லாம் பண்ண முடியுமா?

முக்கால்வாசி முடியும். சென்சஸ், நீதிமன்றம், ஆலைக் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். டவ்லைஸ் ஆலையின் லட்சக்கணக்கான கடிதங்கள் கார்டிஃபில் உள்ள கிளாமோர்கன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேல்ஸ் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், 1919 வரை தேடலாம். ராத்திரி அதைத் திறந்தால் தூக்கம் போச்சு, முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

மீதிக் கால்வாசிதான் பிரச்சினை. உலை முன்னால் நின்றவர்கள் பேசியது, பாடியது, சாப்பலில் பிரசங்கம் கேட்டது எல்லாம் வேல்ஷில். ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் முதலாளி, மாஜிஸ்ட்ரேட், இன்ஸ்பெக்டர் ஆகியோரின் குரலே காதில் விழும். எண்ணியவர் எங்கே நின்றார் என்று மேலே கேட்கச் சொன்னேனே, இங்கேயும் அதைக் கேளுங்கள்.

ஆலை முதலாளிங்களுக்கு முதல் பணம் எங்கிருந்து வந்துச்சு? அடிமை வியாபாரம்னு ஒருத்தர் சொன்னார்.

பேக்கன் விஷயத்தில் அது உண்மை. புகையிலை வியாபாரம், ராணுவத்துக்குச் சரக்கு, பீரங்கி ஒப்பந்தம் என்று பல வழிகள் இருந்தன, அவற்றில் மேற்கிந்தியத் தீவுகளில் அரசு வேலைக்கு அடிமைகளை அனுப்பிக் கூலி பெறும் ஒப்பந்தமும் ஒன்று. அதற்காக மெர்தரின் ஒவ்வொரு செங்கல்லையும் அதே கணக்கில் எழுத முடியாது. க்ராஷேகள் லண்டனில் இரும்பு விற்று மேலே வந்தவர்கள். குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம், மேடையில் ஒரே வரியில் சொல்லிக் கைதட்டு வாங்குவதற்கானது இல்லை.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு இருக்கா?

இரண்டு உறுதியாகச் சொல்லலாம். கெவ்ன் கோய்டில் 1866ல் முடிந்த பதினைந்து வளைவு ரயில் பாலத்தில் பங்குள்ள பொறியாளர் ஹென்றி கோனிபேர், அதற்கு முன் பம்பாய்க்கு விஹார் ஏரித் தண்ணீர் திட்டத்தைப் போட்டவர். அந்தப் பாலத்தின் தூண்கள் கல், வளைவின் உள்பக்கம் செங்கல். கட்டும்போது கல் தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் கம்பெனி செங்கல்லும் கொத்தனாரும் கொண்டுவந்து முடித்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வேலைநிறுத்தம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொருவர் கியர் ஹார்டி, 1900ல் மெர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொழிலாளர் தலைவர். 1907ல் இந்தியா வந்து சுற்றிப் பார்த்து, ஆங்கில ஆட்சியைக் கண்டித்துப் பேசியதற்காக லண்டன் பத்திரிகைகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அபர்வானுக்குப் போகலாமா, இல்ல தப்பா நினைப்பாங்களா?

மெர்தருக்குத் தெற்கே நாலு மைல். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் ஊற்றுக்கு மேலேயே கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 குழந்தைகள். விசாரணை தேசிய நிலக்கரி வாரியத்தைக் குற்றம் சொன்னது. மிச்சக் குவியல்களை அகற்றும் செலவுக்கு, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள், 1997ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

போகலாம். பள்ளி இருந்த இடத்தில் நினைவுத் தோட்டம் உண்டு, மேலே கல்லறைத் தோட்டம். ஆனால் உறவை இழந்தவர்கள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். செல்ஃபி வேண்டாம், வழியில் பார்ப்பவரிடம் 'உங்களுக்கு நினைவிருக்கா' என்று கேட்கவும் வேண்டாம். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்ககிட்ட ஒரு நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கிறது?

காலை ரயிலில் இறங்கி நேராகக் கவார்த்வா கோட்டைக்குப் போங்கள். 1825 வாக்கில் வில்லியம் க்ராஷே 30,000 பவுண்டு செலவில் கட்டிய வீடு, இப்போது அருங்காட்சியகம். உள்ளே போகும் முன் முன்புல்வெளியில் நின்று எதிரே ஆற்றுக்கு அப்பால் பாருங்கள், அவருடைய ஆலை தெரிகிற மாதிரிதான் வீட்டை வைத்திருக்கிறார். ஆறு வருடம் கழித்து அந்தப் பக்கமிருந்துதான் கலவரம் வந்தது. பிறகு இறங்கிப்போய் ஊதுலைகளின் கல் சுவர்களையும், பக்கத்தில் 1793ல் போட்ட பாண்டிகவ்னை இரும்புப் பாலத்தையும் பாருங்கள். மேலே டிராம் பாதை, அடியில் தண்ணீர்த் தொட்டி என்று இரண்டும் ஒன்றாகப் போன பாலம், உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய இரும்பு ரயில் பாலம். அங்கிருந்து கெவ்ன் கோய்ட் பாலம் நடக்கிற தூரம்தான்.

கார் இருந்தால் வேனர் கோயில் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1879ல் இறந்த ராபர்ட் க்ராஷேயின் மேல் பெரிய கல் பலகை ஒன்று கிடக்கிறது, அதில் 'கடவுளே என்னை மன்னியும்' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இசையமைப்பாளர் ஜோசஃப் பாரி பிறந்த வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். குடையை நம்ப வேண்டாம், அந்தப் பள்ளத்தாக்குக் காற்றில் அது திரும்பிக்கொள்ளும், மழைக்கோட்டுதான் சரி.